பின்னுக்கு மட்டும் ஓடிய வான்

பிள்ளைகளே, சண்டை முடிந்து, அகதி முகாம்களில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இருபது வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு நாங்களும் மன்னார் வங்காலைப் பக்கம் வந்து, தகரக் கொட்டில் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் முகாமுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் நின்று வாகன வயரிங் பழகியிருந்தேன். ஊரிலே அதை யார் நம்பினார்கள்? "இந்தியாவில படிச்ச வயரிங் இஞ்ச ஓடுமோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை மன்னாருக்கு ஏற்றிப்போக ஒரேயொரு வான்தான் இருந்தது. புது மாடல். டீசலோடு தண்ணீர் கலந்து அதன் எஞ்சின் பழுதாய்ப் போனது. அதே போலப் புது எஞ்சின் போட வான்கார அண்ணனுக்கு வசதி இல்லை. அதுவும் எந்த நேரத்தில்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்பது பிள்ளைகள் மன்னார்ப் பட்டினத்துக்குப் போக வேண்டும். என் மூத்த மகளும் அதில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் வந்து சேருவதற்குள் பரீட்சை தொடங்கிவிடும்.

மன்னார்ப் பட்டினத்து உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருந்த நானாதான் கைகொடுத்தார். அவர் முஸ்லிம் மனிதர், அவர்களில் மூத்தவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்களைப் போலவே வருடக்கணக்காகப் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பியவர். எங்கிருந்தோ ஒரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்து அந்த வானுக்குள் இறக்கிவிட்டார். ஆனால் வயரிங்? பழைய எஞ்சினுக்குக் கம்பியூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. புது வானோ கம்பியூட்டர் சொல்லாமல் ஸ்டார்ட்டரைக்கூடச் சுற்றவிடாது. இரண்டு கராஜ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது சரிவராது என்று போய்விட்டார்கள்.

"தம்பி, உனக்கு ஏலுமோ?" என்று நானா என்னைக் கேட்டார். ஏலும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நான்கு நாள் அந்த வானுக்குள்ளேயே கிடந்தேன். ஒவ்வொரு வயராகப் பிடித்து, எங்கே போகிறது என்று பார்த்து, கொப்பியில் கோடு கோடாகக் கீறிக்கொண்டேன். கம்பியூட்டரைத் தாண்டி ஸ்டார்ட்டருக்குத் தனி வழி கொடுத்தேன். மிச்சம் இருந்தது முக்கியமான ஒரு வயர். பழைய எஞ்சினில் டீசலைத் திறந்துவிட ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதற்குக் கரண்ட் வரும்வரைதான் டீசல் போகும். கரண்ட் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். அதனால் திறப்பைத் திருகி வைத்திருக்கும்வரை கரண்ட் வருகிற வயரில்தான் அதைக் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் நான் வானுக்குள் தலைகீழாகக் கிடந்தபடி, பொனற்றுக்குள் குனிந்து நின்ற நானாவுக்குக் கத்தினேன். "நானா, வால்வு வயரை ஊதாவில குடுங்கோ!"

"ஊதாவில குடுத்தாச்சு!" என்று பதில் வந்தது.

பின்னேரம் வான்கார அண்ணன் ஏறி இருந்தார். ஹான்ட் பிறேக் பிடிக்காததால், வான் உருளாமல் இருக்க ரிவேர்ஸ் கியரில் விட்டிருந்தோம். அவர் கிளச்சை மிதித்துத் திறப்பைத் திருகினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று... எஞ்சின் பிடித்துக்கொண்டது! கராஜ் முழுக்கப் புகை. பார்க்க வந்திருந்த தகப்பன்மார் கை தட்டினார்கள். அதே சந்தோஷத்தில் அண்ணன் வானைப் பின்னுக்கு எடுத்து ரோட்டுக்கே கொண்டுபோனார். ரோட்டில் நின்ற கழுதைகள் மட்டும் அசையவில்லை.

பிறகு அவர் முதல் கியருக்கு மாற்றினார். எஞ்சின் நின்றுவிட்டது.

திரும்ப முயன்றார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ரிவேர்ஸில் போட்டால் உடனே பிடித்தது. கியரை எடுத்தால் நின்றது. பத்துத் தரம் பார்த்தோம், பத்துத் தரமும் அப்படியே.

வங்காலையிலிருந்து வந்திருந்த ஒரு மீன்காரத் தகப்பன் சொன்னார்: "இது வானில்லையடா, இறால்! பின்னுக்குத்தான் பாயும்."

"பாஸ், நாளைக்குப் பிள்ளையளைத் திருப்பி இருத்திக் கொண்டுபோகவோ?" என்று வான்கார அண்ணன் என்னைக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

நான் யோசித்தேன். ரிவேர்ஸ் போடும்போது மட்டும் எதற்குக் கரண்ட் போகும்? பின் வெளிச்சத்துக்கு! ஓடிப்போய் பொனற்றுக்குள் வயர்களில் சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் ரேப்பைப் பிரித்தேன். நினைத்தது சரி. வால்வு வயர் பின் வெளிச்ச வயரில் கட்டப்பட்டிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஊதாவில குடுங்கோ எண்டு சொன்னன்தானே நானா! கண் தெரியாட்டிக் கண்ணாடியைப் போடுங்கோ!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். என் தகப்பன் வயது மனிதர்.

நானா பொனற்றுக்குள் கையை விட்டார். அந்த வயரைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கலர்?"

"கத்தரிப்பூக் கலர்."

"அதுதானே ஊதா?"

"இல்லை நானா, இதுதான் ஊதா" என்று பக்கத்திலிருந்த மற்ற வயரை இழுத்துக் காட்டினேன்.

கூடி நின்றவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். மீன்காரத் தகப்பன்தான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது நீலமெல்லோ."

எனக்குச் சுரீரென்றது. போன மாதம் மகள் கொப்பியில் 'கடல் ஊதா நிறம்' என்று எழுதியிருந்தாள். ரீச்சர் அதை வெட்டி 'நீலம்' என்று திருத்தியிருந்தார். 'ரெண்டும் ஒண்டுதான், ரீச்சருக்குத் தெரியேல்லை' என்று பெரிய ஆள் போலச் சொன்னவன் நான். நான் வேலை பழகிய கடையில் நீலத்தைத்தான் ஊதா என்பார்கள். இருபது வருடத்தில் அது என் வாயிலும் ஒட்டிவிட்டது. என்னிடமிருந்து பிள்ளைக்கும் ஒட்டிவிட்டது. நான் சொன்னபடிதான் நானா செய்திருந்தார். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை.

வயரை மாற்றிக் கட்ட ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு, நான் எல்லோருக்கும் முன்னால் கத்தியதைப் போலவே எல்லோருக்கும் முன்னால் அவருடைய கையைப் பிடித்தேன். "பிழை என்னிலதான் நானா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன்.

"கண்ணாடி எனக்கில்லையடா, உன்ர வாய்க்குத்தான் போடோணும்" என்றார் நானா. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தத் தரம் கியர் எதிலும் போடாமல் திறப்பைத் திருகினோம். எஞ்சின் பிடித்தது. முதல் கியர், நிற்கவில்லை. இரண்டு, மூன்று. வான் உப்புக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கோர்ன் அடித்துக்கொண்டு முன்பக்கத்தைக் காட்டியபடி திரும்பி வந்தது. இந்த முறை கழுதைகளும் விலகி நின்றன!

அடுத்த நாள் விடிய ஒன்பது பிள்ளைகளோடும் நானும் ஏறினேன், வழியில் ஏதும் நடந்தால் பார்க்க வேண்டுமே. மன்னாருக்குக் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர். யன்னலோரம் இருந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீலம், அப்பா" என்றாள். வான் முழுக்கச் சிரிப்பு. பரீட்சை மண்டபக் கதவு திறக்கும் முன்பே எங்கள் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

பிள்ளைகளே, அந்த வான் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஓடியது. "இந்தியாவில படிச்ச வயரிங்" என்று யாரும் பிறகு கேட்டதில்லை. இப்போது என் கொப்பியில் நான் நிறத்தின் பெயர் எழுதுவதில்லை, அந்த வயரில் ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒட்டிவிடுவேன். நானா மட்டும் இன்றைக்கும் போன் எடுத்தால் "ஊதா, எங்க நிக்கிறாய்?" என்றுதான் தொடங்குவார். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், ஒருவர் மேல் கோபம் வருமுன் அவருடைய ஊதா எது என்று ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வருகிறது.