நியூட்ரினோ பெரியப்பா

போன மாதம் என் கணவருக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. வைத்தவள் என் தங்கை மகள் கவிதா. இங்கே மலேசியாவில், சுங்கை பட்டாணியில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணப் பெண்!

அன்று திகாம் பத்துவில் எங்கள் வீட்டு ஹாலில் என் தங்கை சாந்தி கொதித்துக்கொண்டிருந்தாள். கூலிமில் இருக்கும் எங்கள் அண்ணனுக்குக் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைக்கவில்லையே என்று அண்ணனுக்குக் கோபம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"கூடப் பொறந்த அண்ணனுக்கு எதுக்குலா தட்டு? அவரு என்ன வெளியாளா?" என்றாள் சாந்தி.

"நீ சொல்றதும் சரிதாம்மா" என்றார் என் கணவர்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போனில் அண்ணனிடம், "நீங்க சொல்றதும் சரிதான் மச்சான்" என்றிருந்தார். இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். எங்கள் குடும்பத்தில் எந்தச் சண்டையிலும் இந்த மனுஷன் ஒரு பக்கம் சாய்ந்ததே கிடையாது.

கவிதா சிரித்துவிட்டாள். "பெரியப்பா சரியான நியூட்ரினோ!"

அது என்னடி என்றேன். அணுவைவிடப் பொடியான ஒரு துகளாம். மின்சாரத்தில் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. நடுநிலை. அதனால் முதலில் நியூட்ரான் என்றே பேர் வைத்தார்களாம். அப்புறம் கனமான இன்னொரு துகள் வந்து அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்தில் இரண்டு முனியாண்டி இருந்தால் ஒருவர் சின்ன முனியாண்டி ஆகிவிடுவார் இல்லையா? அதேதான்! இத்தாலிக்காரர்கள் பெயருக்குப் பின்னால் 'இனோ' என்று சேர்த்தால் குட்டி என்று அர்த்தமாம். ஆக, குட்டி நடுநிலைக்காரன்.

"இப்பகூட கோடிக்கணக்குல நம்ம உடம்புக்குள்ள பூந்து போவுது பெரியம்மா. ஒன்னையும் தொடாது."

சொல்லிவிட்டுப் போனில் மாமாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத பெண். கூலிமில் மாமா வீட்டில் தங்கித்தான், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஃபார்ம் சிக்ஸ் படித்தாள். மாலை போட்டு, கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டிய தாய்மாமன் அவர்தான். அவர் வராவிட்டால்...? வேறு யாரையாவது நிறுத்திச் சமாளிக்கலாம். அவள் மனசை எப்படிச் சமாளிப்பது?

ஞாயிற்றுக்கிழமை நானே தட்டை எடுத்துக்கொண்டு, கணவரோடு கூலிமுக்குப் போனேன். அண்ணன் தட்டைத் தொடவில்லை.

"பொண்ணோட அம்மா வரணும். போன்ல அனுப்ப நான் என்ன கஸ்டமரா?"

நான் கெஞ்சினேன், கொஞ்சம் கத்தியும் பார்த்தேன். அண்ணன் அசையவில்லை. என் கணவர் வழக்கம்போல டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல்!

கிளம்பும் நேரத்தில் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மச்சான், தட்டு இல்லாம கூப்பிட்டது உங்க தங்கச்சி. மாலை இல்லாம நிக்கப் போறது அந்தப் புள்ள. அவ என்ன தப்பு பண்ணா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கும்தான். அவர் எழுந்து உள்ளே போனார். போச்சு, உள்ளதும் கெட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணியிடம் அவர் கேட்பது காதில் விழுந்தது. "அவளுக்கு ரோஜா மாலை புடிக்குமா, மல்லியா?"

போன வெள்ளிக்கிழமை அண்ணன் ரோஜா மாலை போட்டு, கவிதாவின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். சாந்தி அண்ணன் காலில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் பார்த்தால் என் கணவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் நடந்ததையெல்லாம் கவிதாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அன்னிக்குப் பாதிதான் சொன்னேன் பெரியம்மா. நியூட்ரினோ எப்பவாவது ஒன்னு மோதும். அதுக்காகவே பூமிக்கு அடியில பெரிய தண்ணித் தொட்டி கட்டி வெச்சு, வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காங்க."

தொட்டி கட்டியவர்களே, பொறுமையாக இருங்கள். எனக்கு இருபத்தாறு வருஷம் ஆனது!