ராணி சாகிறாள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்

இந்த ஊரில் ஒரு நாவலைப் பற்றிப் பேச வாயெடுத்தால், எதிரில் இருப்பவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறார். குழந்தைகள் அல்ல, பேரன் பேத்தி எடுத்தவர்கள். "வேண்டாம், நான் இன்னும் முடிக்கவில்லை!" என்று கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்கிறார்கள். அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு முதியோர் இல்ல வேலைக்கு வந்த புதிதில், இது ஏதோ இந்த நாட்டுக் காதுநோய் என்றே நினைத்தேன். எந்நேரமும் மழை பெய்கிற ஊர், இருக்கும்.

நோயின் பெயர் ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவை முன்கூட்டியே போட்டுடைப்பது என்று, இங்கே நான் குடியிருக்கும் பகுதி நூலகத்தின் வாசகர் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். மாதம் ஒருமுறை மாயாஜாலக் கதையோ விண்வெளிக் கதையோ படித்துவிட்டு வந்து, தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு பேசுவோம். ஊசி, மாத்திரை, படுக்கை விரிப்பு தவிர வேறு எதைப் பற்றியாவது மனிதர்கள் என்னிடம் பேசுகிற இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதான். அதை இழந்தால் வாரக் கடைசியில் சுவரோடுதான் பேச வேண்டும்.

சமீபத்திய மாயாஜால நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயம்: கனம் ஜாஸ்தி, விஷயம் கம்மி. முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் போடுகிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு மலைக்கும் பாலைவனத்துக்கும் கதாநாயகன் பஸ் பாஸ் வாங்கியவன்போலப் போயே தீருவான். அவன் எப்போதும் பண்ணையில் மாடு மேய்ப்பவன். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரக் கிழவர் வந்து "நீ தொலைந்துபோன இளவரசன்" என்பார். என் அப்பா மணலூர்பேட்டையில் ஆயுள் முழுக்க ஊரார் கரும்பை வெட்டினார். அவரைத் தேடி வந்தவர் மேஸ்திரி மட்டும்தான். அவரும் அடிக்கட்டையை உயரமாக விட்டுவிட்டதாகத் திட்ட வந்தவர். இளவரசனாக மாறாத மாட்டுக்காரனுக்கும் ஒரு கதை உண்டு என்று இந்த எழுத்தாளர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

விண்வெளி நாவல்கள் இன்னொரு ரகம். விண்கலத்துக் கணினிக்குத் தனிமைத் துயரம் வந்து பக்கம் பக்கமாகப் புலம்புகிறது. எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு ஷிஃப்ட் போட்டுப் பார்த்தால் அதற்குப் புலம்ப நேரமே இருக்காது. கிரகம் என்றால் முழுக்க ஒரே பனி, அல்லது முழுக்க ஒரே மணல். கல்வராயன் மலையில் ஏறினால் அடிவாரத்தில் வேர்க்கும், மேலே போனால் ஸ்வெட்டர் தேடும். ஒரு மலைக்கே இவ்வளவு இருக்கும்போது ஒரு கிரகத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?

மலை என்றதும் பூங்கொடி ஞாபகம். கள்ளக்குறிச்சி விடுதியில் என்னோடு தங்கிப் படித்தவள், கல்வராயன் மலைக்காரி. இப்போது ரிஷிவந்தியத்தில் நர்ஸ். படிக்கிற நாவலையெல்லாம் அவளுக்குப் போனில் சொல்வேன். பரிசு வாங்கிய ஒரு நாவலில் மலைமக்கள் காற்றோடு பேசி எதிர்காலத்தை அறிவதைச் சொன்னபோது அவள் கொதித்துவிட்டாள்.

"மலைக்காரன்னா எந்நேரமும் காத்தோட பேசிகினே இருப்பானா? அப்ப சாமைய எவன்டி அறுப்பான்?"

உலகப் பத்திரிகைகளில் வந்த விமரிசனம் எதுவும் அதற்கு உறைபோடக் காணாது.

விவகாரம் வந்தது ஒரு நாவல் தொடரின் கடைசிப் பாகத்தில். குழுவில் மார்ட்டின் என்று ஒருவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போட்டு எனக்காக இடம்பிடித்து வைப்பார். அந்தப் பாகத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர், வாங்கியதும் தினமும் சில பக்கங்களாகச் சிக்கனமாகப் படித்துவந்தார். நான் ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டேன். "எப்படி இருக்கிறது?" என்று அவர்தான் கேட்டார். "அருமை! ராணி சாகிறாள். ஆனால் என்ன அழகாகச் சாகிறாள் தெரியுமா!" என்றேன். ஆசை காட்டுவதாகத்தான் என் எண்ணம். மார்ட்டின் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் முழுசாக முங்கியது. அவர் எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வளர்ந்த இடம் அப்படி. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் நாள்தோறும் பிற்பகல் அந்தப் பெரிய போர்க்கதையைப் படித்துப் பொருள் சொல்வார்கள். எந்த நாளில் யாருக்குக் கல்யாணம், எந்த நாளில் யாருக்குச் சாவு என்று முன்கூட்டியே நோட்டீஸ் அடித்துச் சுவரெல்லாம் ஒட்டுவார்கள். சாவுக்குக் கீழே 'உபயம்' என்று அரிசி மண்டிக்காரர் பெயர்கூட இருக்கும். கடைசி நாள் படுகளத்தில், சாகப்போகிற ராஜாவை மண்ணால் பூதாகாரமாகச் செய்து விடியும்போதே தரையில் கிடத்திவிடுவார்கள். ஊர் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து மாரடித்து அழும். முடிவு தெரிந்ததால் அழாமல் போனவர் எவருமில்லை, தெரிந்ததால் வராமல் போனவரும் இல்லை.

இதைக் கார்க் நகரத்தில் யாரிடம் விளக்குவது? குழுவை நடத்தும் ஃபியோனாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "எல்லோரும் ஒரே வேகத்தில் படிப்பதில்லை, இல்லையா?" இவர்கள் இப்படிக் கேள்வியாக எழுதினால் அது செருப்படி என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் ஹீட்டர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"கத சொன்னதுக்கா கோச்சிகினாரு? நீ இன்னா அவர் வூட்டு ஆளையா சாவடிச்ச?" என்றாள் பூங்கொடி.

அதற்கு அடுத்த மாதம் மார்ட்டின் வந்தார். கோட்டை நாற்காலியில் போட்டு என்னைக் கூப்பிட்டார். ராணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிதாகக் கொடுத்திருந்த விண்வெளி நாவலை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, ஃபியோனா தேநீர் ஊற்றப் போகும்வரை பொறுத்திருந்து, என் பக்கம் குனிந்தார்.

"இதில் ஒரு நாய் வருகிறதே, அது சாகுமா?"

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"தயவுசெய்து சொல். ராணி போகட்டும், நாய் என்றால் என்னால் முடியாது."

"பிழைக்கும். குட்டி போடும்," என்றேன். அவர் பெரிய மூச்சு விட்டுப் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னால் வாய்க்குப் பூட்டு. அவருக்கு மட்டும் ரகசிய நோட்டீஸ். பழக்கம் எனக்கு நன்றாகவே படிந்துவிட்டது.

இந்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மணலூர்பேட்டையில் திருவிழா. பூங்கொடியும் பஸ் ஏறி வந்துவிட்டாள். பிற்பகல் வெயிலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்தோம். கதை சொல்கிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னைக்கு வியூகம். புள்ளைக்கு உள்ள போவத் தெரியும், வெளிய வரத் தெரியாது. தாய்மாருங்கல்லாம் முந்தானைய எடுத்து…"

என் இரண்டு கைகளும் காதில் இருந்தன.

பூங்கொடி முழங்கையால் இடித்தாள். "இன்னாடி ஆச்சு? மைக்கு சத்தம் ஜாஸ்தியா கீதா?"

"ஆமாம்" என்றேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையோடு தயாராகிவிட்டார்கள். அந்தப் பிள்ளை இன்னும் வியூகத்துக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்று, நான் கையை எடுக்கவில்லை.