மூன்று ஊறுகாய் ஜாடிகள்

அந்தத் தேர்தலில் எங்கள் பெரியப்பாவுக்குக் கிடைத்த சின்னம் ஊறுகாய் ஜாடி. காலமெல்லாம் கொடி பிடித்த கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் சுயேச்சையாக நின்றவர் அவர். பீங்கான் சூளைகள் நிறைந்த விருத்தாசலத்தில் ஜாடிச் சின்னம் கிடைத்ததைத் தெய்வமே எடுத்துக் கொடுத்ததாக நம்பினார். ஜாடிப் படம் போட்ட நோட்டீஸ்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எனக்குப் பதினொரு வயது.

அக்கா பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். அவளுக்குக் கட்சியும் வேண்டாம், ஜாடியும் வேண்டாம், கபடி ஒன்று போதும். அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திருச்சியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். தேறினால் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

காலையில் ஊர் மைதானத்தில் ஒரு மேட்ச் இருந்தது. அக்கா இல்லாவிட்டால் அணிக்கு ஆள் குறையும் என்பதால் ஆடிவிட்டு ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. துவக்கி வைக்கப் பெரியப்பா வந்தார். சும்மா கைகுலுக்கிவிட்டுப் போகிறவரா அவர்? மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. இரண்டு அணிப் பெண்களும் வெயிலில் காய்ந்தார்கள். மேட்ச் முடிந்தபோது அக்காவின் வலது முட்டி லேசாகச் சிராய்த்திருந்தது. ரயிலும் போய்விட்டிருந்தது.

"அழுவாத. வேப்பூர் போயி ஹைவேயப் புடிச்சா நேரத்துக்கு எறக்கி வுட்டுடுறேன்" என்று மாமா காரை எடுத்தார். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து வெளியூர் போகிறவர்கள் பீங்கான் ஜாடி கொண்டுபோகாவிட்டால் வெறுங்கையோடு போனதாகத்தான் கணக்கு. அம்மா மூன்று ஜாடிகளில் மாங்காய் ஊறுகாய் நிரப்பியிருந்தாள். கோச்சுக்கு ஒன்று, வார்டனுக்கு ஒன்று, அங்கே யாராவது உதவி செய்தால் அவர்களுக்கு ஒன்று. உடையாமல் சுற்றி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாள். பழைய பேப்பர் கைக்கு அகப்படவில்லை. நோட்டீஸ்தான் மலையாகக் கிடக்கிறதே! ஜாடிக்கு ஜாடிப் படம் பொருத்தமாகவும் இருந்தது.

வேப்பூருக்குக் கொஞ்சம் முன்னால் தேர்தல் பறக்கும் படை காரை நிறுத்தியது.

"பையில என்னம்மா?" என்றார் பெண் அதிகாரி.

"ஊறுகாய் மேடம். செலக்‌ஷனுக்குப் போறேன், நேரமாயிட்டுது."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒன்றை வெளியே எடுத்தார். நோட்டீஸைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வீடியோ எடுப்பவர் கிட்டே வந்தார். அக்கா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க பெரியப்பா சின்னங்க மேடம்! எல்லாருக்கும் குடுக்கத்தான் எடுத்துட்டுப் போறோம்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்து, "வூட்டுல இன்னும் நெறைய இருக்குதுங்க" என்றேன். நான் சொன்னது நோட்டீஸை.

அதற்குப் பிறகு எங்களை விடவில்லை. பெரிய அதிகாரி வரவேண்டும் என்றார்கள். அவர் வந்து, உள்ளே பணம் இருக்கிறதா என்று மூன்று ஜாடிகளையும் கரண்டி விட்டுக் கிளறச் சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியபோது மணி மூன்றரை. திருச்சி பஸ்கள் போவதைப் பார்த்தபடி அக்கா நின்றாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

டீக்கடையில் எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, மாமாவும் அக்காவும் தள்ளிப்போய் வெகுநேரம் பேசினார்கள்.

வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். கோபம் வந்தால் அவருக்கு வாய்க்கு முன்னால் கைதான் நீளும். காரிலிருந்து இறங்கிய அக்கா நொண்டினாள்.

"காலையில வுழுந்ததுல முட்டி வலி தாங்கலப்பா. என்னால ஆட முடியாதுன்னு நான்தான் காரத் திருப்பச் சொன்னேன்."

"ஆமாங்க மச்சான்" என்றார் மாமா, கார் சாவியைப் பார்த்துக்கொண்டு.

வழியெல்லாம் நன்றாகத்தானே நடந்தாள்! சொல்ல வாயெடுத்தேன். மிச்சமிருந்த போண்டாவை மாமா என் வாயில் திணித்தார். "இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்று அப்பா அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு உள்ளே போனார். கை நீளவில்லை.

அக்காவுக்குத் தைலம் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் வலது முட்டியைக் காட்டினாள். மறுநாள் இடது முட்டியை நீட்டினாள்.

"நேத்து இந்தக் கால் இல்லயேக்கா?"

அக்கா வலது காலையும் சேர்த்து நீட்டினாள். "ரெண்டுந்தாண்டி வலிக்குது" என்றாள்.

பாவமாக இருந்தது. இரண்டுக்கும் தேய்த்துவிட்டேன்.