பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

போன வாரம், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, ஒரு தீவில் போய்க் குடியேறினேன்.

பதறாதீர்கள். தென்காசிக்காரிக்கு வேறு எங்கே போக்கிடம்? எல்லாம் குற்றாலத்தில்தான். சீசனுக்கு எடுத்த வாடகை வீட்டின் ஹாலில், ஜமுக்காளத்தின் மேல்.

மகள் பகவதிக்குக் கல்யாணம் நிச்சயமானதை இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேன், நினைவிருக்கும். மாப்பிள்ளை கார்த்திக். ஊர் திருவேங்கடம் பக்கம், வானம் பார்த்த பூமி. அப்பாவுக்கு இரண்டு ஊரில் மிளகாய் வத்தல் வியாபாரம். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, லேப்டாப்பை எங்கே திறக்கிறாரோ அதுதான் ஆபீஸ். பகவதி தென்காசியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். ஊரில் பாதி முழங்கால்கள் அவள் தயவில்தான் மாடி ஏறுகின்றன.

சிக்கல் இங்கேதான். நிச்சயத்தன்று சம்பந்தியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டேன். கிளினிக்கையும் நம்ம ஊருக்கே மாத்திக்கிடலாம். கடை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.”

முகம் பூராவும் சந்தோஷம். மருமகளுக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவு. நாங்களும் ‘ஈ’ என்று இளித்து வைத்தோம். பகவதி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு பேஷண்டாகச் சேர்த்து உருவாக்கிய கிளினிக். பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுபோக அது என்ன பட்டுப்புடவையா?

வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். சம்பந்தியிடமா? பெண் கொடுக்கிற வீட்டில் நமக்கு வாய் இருப்பது சாப்பிடுவதற்கும் சிரிப்பதற்கும்தான். போதாக்குறைக்கு, என் கணவரும் அவரும் ஒருவரை ஒருவர் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற கேள்வியே இன்னும் தீரவில்லை. இதில் கிளினிக்கை எங்கே தீர்ப்பது?

என் கணவர்தான் திட்டம் போட்டார். “குத்தாலத்துக்குக் கூப்பிடுவோம். அருவில தலையக் குடுத்துட்டு வந்த மனுசன் எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவான். அப்ப மெதுவாப் பேச்ச எடுப்போம்.”

வந்தார்கள். எண்ணெய் தேய்த்தோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஊர்வலமாகப் போனோம். அங்கே கயிறு கட்டி போலீஸ் நிற்கிறது. மலையில் ராத்திரி கொட்டித் தீர்த்ததில் வெள்ளம்... குளிக்கத் தடை! தண்ணீர் நிறைய இருப்பதால் குளிக்க முடியாது என்று திருப்பி அனுப்பும் ஊர் எங்கள் ஊர்.

வீட்டுக் குழாயில் குளித்துவிடலாம் என்றால் சம்பந்தியார் சம்மதிக்கவில்லை. “குத்தாலத்துக்கு வந்து பாத்ரூம்ல குளிச்சேன்னு ஊர்ல போய்ச் சொல்ல முடியுமா? மத்தியானம் திறந்துருவான், இருப்போம்.”

இருந்தோம். எண்ணெயோடு. யார் சுவரில் சாய்ந்தாலும் வீட்டுக்காரர் கேட்பாரே என்று எல்லோரும் நட்டநடு ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். பேச்சு மழையில் ஆரம்பித்து மழையிலேயே முடிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். அட்டை ஆட்டம். கடல் நடுவே ஒரு தீவு. ஆறு மூலை வைத்த அட்டைத் துண்டுகளை ஒட்டி ஒட்டி வைத்துத் தீவை நாமே உண்டாக்க வேண்டும். காடு, களிமண், புல்வெளி, வயல், மலை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நம்பர். பகடையில் அந்த நம்பர் விழுந்தால், அந்த நிலத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்கு விளைச்சல். மரம், செங்கல், ஆடு, கோதுமை, கல் என்று சீட்டாகக் கைக்கு வரும். அதை வைத்து ரோடு போடலாம், வீடு கட்டலாம். வேண்டியதை மற்றவர்களிடம் மாற்றிக்கொள்ளலாம்.

“இன்னைக்கு ஸ்பெஷல் செட்டப்” என்று மாப்பிள்ளை தீவுக்குக் குறுக்கே வரிசையாகப் பாலைவனத் துண்டுகளை அடுக்கினார். அதில் நம்பர் கிடையாது, விளைச்சலும் கிடையாது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் ஒல்லியாக ஒரு துண்டு நிலம். முதலில் அங்கே போய் வீடு கட்டுபவருக்குக் கூடுதல் பாயின்ட்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு — எனக்கு மைனி — இது பொறுக்கவில்லை. “அதென்னலே, ஒண்ணுமே விளையாதா?”

“பாலைவனம்மா.”

“இதைவிடக் கேடுகெட்ட மண்ணுல உங்கப்பா வத்தல் போட்டிருக்காரு. மழை பேஞ்சா?”

“பேயாதும்மா.”

“நீ எழுதிவச்ச மாதிரி பேசுத. ஒரு கம்பு, ஒரு சோளம் கூடவா வராது?”

ரூல் புக்கில் கம்பு இல்லை. மைனி கடைசிவரை அந்தப் பாலைவனத்தை ‘தரிசு’ என்றுதான் சொன்னார்கள். சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற வருத்தம்.

சம்பந்தியார், மைனி, பகவதி, நான். நாலு பேர் ஆட்டம். மாப்பிள்ளை நடுவர். என் கணவர் தன்னைப் பொது ஆலோசகராக நியமித்துக்கொண்டு, நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டோடு எல்லோர் சீட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துறைமுகம் பக்கமாக வீட்டை வைத்தேன். கல்யாணத்துக்காக விடும்வரை தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்தவள். பழக்க தோஷம். சம்பந்தியார் மட்டும் அட்டையில் கிழக்கு எது என்று தெரியாமல் வீடு வைக்க மாட்டேன் என்றார். ஜன்னலைப் பார்த்து, மேற்கே மலையைப் பார்த்து, தீவையே ஒரு சுற்றுத் திருப்பி வைத்தோம்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

ஏன் தெரியுமா? மரியாதை! நான், “அண்ணாச்சி, செங்கல் இருக்கா?” என்று கேட்ட மாத்திரத்தில் சம்பந்தியார் கையிலிருந்த செங்கலை எல்லாம் அப்படியே நீட்டினார். பதிலுக்கு ஆடு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். “பொண்ணு குடுக்கியவக கிட்ட போயா யாவாரம் பேசுதது?” சும்மா வாங்கிக்கொள்ள நாங்கள் என்ன இளைத்தவர்களா? நான் உடனே மைனிக்கு இரண்டு ஆடும் ஒரு கோதுமையும் அனுப்பினேன். மைனி வெறும் கையோடு விடுவார்களா? மரம் வந்தது. சீர்த்தட்டு மாதிரி சீட்டுகள் போய் வந்துகொண்டே இருந்தன. வீடுதான் ஒன்றும் எழும்பவில்லை.

“இது மாத்துறதுப்பா, சீர் செய்யுறது இல்ல” என்று நடுவர் கெஞ்சினார்.

திருடன் கதை இன்னும் மோசம். பகடையில் ஏழு விழுந்தால் கறுப்புத் திருடன் ஒருவனை எதிராளியின் நிலத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் நிற்கிற நிலத்தில் விளைச்சல் கிடையாது. சம்பந்தி நிலத்தில் திருடனை விடுவதா? சிவ சிவா! இருக்கவே இருக்கிறது பாலைவனம். ஏழு விழும்போதெல்லாம் அவனை ஒரு பாலைவனத்திலிருந்து அடுத்த பாலைவனத்துக்கு நகர்த்தி வைத்தோம். பாவம், அந்தத் திருடன் அன்று ஒரு வேலையும் இல்லாமல் ஊர் சுற்றிவிட்டுப் போனான்.

நாங்கள் இப்படிக் குழைந்துகொண்டிருக்க, பகவதி மட்டும் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒரு செங்கல் தாங்க. ஒரு கோதுமை தாரேன்.”

“சும்மாவே எடுத்துக்கிடும்மா.”

“சும்மா வேண்டாம் மாமா. கணக்குன்னா கணக்கு.”

சம்பந்தியாருக்கு ஒரே பெருமை. “பாத்தியா, பிள்ளைக்கு யாவாரம் தெரியுது!” கோதுமையை வாங்கிக்கொண்டார். அன்று அந்த ஹாலில் நடந்த முதல் நியாயமான வியாபாரம் அது.

அவள் ரோடு பாலைவனத்தின் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து போனது. தாண்டியது. அந்தப் பக்கம் போய்ச் சின்னதாக ஒரு சிவப்பு வீட்டை வைத்தாள். மைனி கைதட்டினார்கள். “தரிசத் தாண்டிட்டாளே!”

சம்பந்தியாரும் சந்தோஷமாகக் கையை நீட்டினார். நீட்டி... தீவின் இந்தப் பக்கம் இருந்த பகவதியின் முதல் வீட்டைப் பூப்போல எடுத்து, அவள் முன்னால் வைத்தார்.

“இந்தாம்மா. புது வீட்டுக்குப் போயாச்சுல்லா. இனி பழசு என்னத்துக்கு?”

கெட்ட எண்ணம் துளி கிடையாது. உதவி செய்கிறார், அவ்வளவுதான். பெண் பிள்ளை அந்தப் பக்கம் வீடு வைத்துவிட்டால் இந்தப் பக்கத்து வீட்டை எடுத்துவிட வேண்டும். அவருக்கு அதை எந்த ரூல் புக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் சிப்ஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பேசு என்று என் மனம் சொல்கிறது. வாய் ‘ஈ’ என்று இளிக்கத் தயாராகிறது.

பகவதி அந்தக் குட்டி வீட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“மாமா... அங்கன வீடு கட்டினா இங்கன இருக்கிறத எடுக்கணும்னு ரூல் இல்ல.” அட்டையைத் தொட்டுக் காட்டினாள். “ரெண்டுமே என் வீடுதான். ரெண்டும் விளையும். இத எடுத்துட்டா அங்கன போன ரோட்டுக்கு ஆரம்பமே இல்லாமப் போயிரும்.”

அவள் தீவைப் பற்றிப் பேசவில்லை என்பது, ஆலோசகர் உட்பட, எல்லோருக்கும் புரிந்தது.

சம்பந்தியார் மகனைப் பார்த்தார். “ஏலே, ரூல் அப்படியா இருக்கு?”

மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் படபடப்பு. அதுவரை எல்லாவற்றுக்கும் ரூல் புக்கைப் புரட்டியவர் இப்போது புக்கைத் தொடவே இல்லை. “ஆமாப்பா. எடுக்கக் கூடாது. லேப்டாப் எங்கன இருந்தாலும் எனக்கு ஆபீஸ்தானே? நடுவுல உள்ள ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

நடுவருக்கு ஆட்டத்தில் ரோடே கிடையாது. ஆனாலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மைனிதான் முடித்து வைத்தார்கள். பகவதியின் கையிலிருந்து வீட்டை எடுத்து, இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்தார்கள். எண்ணெய்க் கை பட்டு அது பளபளவென்று உட்கார்ந்தது. “இருக்கட்டுமே. மாடி ரூம் எங்கயும் ஓடிராது. சனி ஞாயிறு வரட்டும். உங்களுக்குத்தான் யாவாரம் ரெண்டு ஊர்ல நடக்கலாமாக்கும்?”

சம்பந்தியார் தீவைக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, நடுவே ரோடு. அப்புறம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அப்ப அந்தக் கடை இருக்கட்டும். சனிக்கிழமைக்கு நம்ம ஊரு முட்டியவும் கொஞ்சம் பாத்துக்கிடும்மா.”

பகவதி சிரித்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் இறங்கிவிட்டது என்று சமாளித்தேன்.

அடுத்த வீட்டு மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்: “அருவி திறந்தாச்சு!” அவ்வளவுதான், துண்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். ஆட்டம் பாதியில் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டு யாரும் எழுதாதீர்கள். “அத யாரும் கலைக்கப்பிடாது” என்று சம்பந்தியார் வாசலில் நின்று உத்தரவு போட்டது மட்டும் நிஜம்.

அருவியில் தலையைக் கொடுத்த பிறகு கேட்கவேண்டியது எதுவும் பாக்கி இல்லை. சும்மா குளித்தோம். என் கணவரோ திட்டமே தன்னுடையதுதான் என்று வருகிற வழியெல்லாம் மார்தட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் போய்த் தலை லேசாகியிருந்தது. அந்தத் தைரியத்தில் மெதுவாகக் கேட்டேன்.

“ஏங்க... தூத்துக்குடியில இருந்த என் வீட்டை எடுத்து எங்கன வச்சிய?”

மனிதர் இன்னும் ரூல் புக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.