வாடகை பூட்ஸ்

இலக்கியாவின் குதிகால்கள் சின்ன வயதிலிருந்தே வெடித்துக் கிடந்தவை. விராலிமலைக்கும் கொடும்பாளூருக்கும் நடுவே, நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அவளுடையது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலில் வெறுங்காலோடு கபடி ஆடி வளர்ந்தவள். வலது கட்டைவிரல் நகம் ஒருமுறை பெயர்ந்து விழுந்து, கறுப்பாகத்தான் மறுபடி முளைத்தது. லெஃப்ட் கார்னரில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளென்றால் விடமாட்டாள். மாவட்ட அணிக்கு ஆடினாள். மாநில அணித் தேர்வுக்கும் போனாள், எடுக்கவில்லை.

அப்பா ஆண்டியப்பனுக்குக் கடலைக் கொல்லையும் ஒரு போர்வெல்லும் உண்டு. மகள் ஆடுவதை அவர் தடுத்ததில்லை. அம்மா செவந்திக்குத்தான் அந்தக் கால்களைப் பார்த்தாலே கவலை.

"ஒரு கல்யாணங்காச்சின்னு வந்தா இந்தக் கால எங்கிட்டுடி ஒளிச்சு வைப்பே?" என்று வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிடுவாள்.

கல்லூரி முடித்ததும் இலக்கியாவும் அவளோடு ஆடிய அழகியும் சேர்ந்து போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினார்கள். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினார்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று உடல்தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. விடிந்ததும் இருவரும் கண்மாய்க் கரையில் ஓடிப் பழகினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ரகுநாத், பூனேயில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் நேராகவே கேட்டான்.

"போலீஸ் வேலை கெடச்சா போவீங்களா?"

"போவேன்."

"போங்க. எனக்கு அது பெருமைதான்."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று என்று இலக்கியா அழகியிடம் சொன்னாள்.

தை மாதம் கல்யாணம். மாசி பிறந்ததும் மணாலிக்குப் பயணம். பனி பார்க்க வேண்டும் என்பது ரகுநாத்தின் வெகுநாள் ஆசை. அவளுக்குத் தெரியாமலே டிக்கெட் போட்டிருந்தான். உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்திருந்தது, பங்குனியில். போய்வந்து பழகிக்கொள்ளலாம் என்று அவளும் கிளம்பினாள். ரயிலில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவள் ஜன்னல் வழியே கோதுமை வயல்களைப் பார்த்துக்கொண்டே போனாள். நன்றாகத்தான் இருந்தது.

மணாலியிலிருந்து மலையேறும் சாலையில் வரிசையாக வாடகைக் கடைகள். அதில் ஒன்றின் முன் டிரைவர் வண்டியை நிறுத்தினான். தகரக் கொட்டகைக்குள் ஈரக் காலுறையின் வாடை. சுவரெல்லாம் ரப்பர் கோட்டுகள். தரையில் பிளாஸ்டிக்கில் வார்த்த பெரிய பெரிய பூட்ஸ்கள், மூலையில் சாய்த்துவைத்த சறுக்குக் கட்டைகள். கடைக்காரன் ஹிந்தியில் பேசினான். ரகுநாத்துக்கு ஹிந்தி வரும். இலக்கியாவுக்கு வராது.

கடைக்காரன் அவள் காலைக் காட்டி ஏதோ சொன்னான்.

"ரெண்டு சாக்ஸையும் கழட்டிட்டு மெல்லிசா ஒண்ணு மட்டும் போட்டுக்கணுமாம். அப்பத்தான் பூட்ஸ் அளவு சரியாத் தெரியுமாம்" என்றான் ரகுநாத்.

அவள் குனிந்து, குளிருக்காக ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டியிருந்த கம்பளிக் காலுறையில் கை வைத்தாள். ரகுநாத் எதிரிலேயே முக்காலியில் உட்கார்ந்து அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் கண்ணில் படாமல் அந்தக் குதிகால்களைச் சேலைக்குள்ளும் போர்வைக்குள்ளும் மறைத்துக்கொண்டே வந்திருந்தாள். கறுப்பு நகம் வேறு. கடைக்காரனும் குனிந்து நின்றிருந்தான்.

"குளுருதுங்க. இதோடயே போட்டுக்கிறேன்" என்றாள்.

இரண்டு காலுறைக்கும் சேர்த்துப் பெரிய பூட்ஸ் வந்தது. முன்பக்கத்து நான்கு கொக்கிகளையும் கடைக்காரன் படபடவென்று மாட்டினான். எழுந்து நின்று முழங்காலை மடக்கியபோது, உள்ளே குதிகால் மேலே கிளம்புவது தெரிந்தது. எந்த மண்ணில் கால் எப்படி ஊன்றும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது ஊன்றவில்லை. பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள், பூட்ஸ் சரியில்லை என்று மாற்றி மாற்றிக் கேட்டுக் கடைக்காரப் பையனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தாள். பையன் முகம் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். இலக்கியா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரியா இருக்கா?" என்று ரகுநாத் கேட்டான்.

"இருக்குங்க."

பிறகு கடைக்காரன் அவனிடம் ஏதோ விசாரித்தான். எடை, உயரம் என்று கையால் காட்டியது அவளுக்கே புரிந்தது. இன்னொரு கேள்விக்கு ரகுநாத் சிரித்துக்கொண்டு அவள் தோளைத் தட்டி நீளமாக ஒரு பதில் சொன்னான். அதில் அவளுக்கு விளங்கியவை 'ஸ்டேட் பிளேயர்', 'எக்ஸ்பர்ட்' என்ற இரண்டு சொற்கள்தான். கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்து, கையில் வைத்திருந்த கட்டையைப் போட்டுவிட்டு அவள் உயரத்துக்கே இருந்த இன்னொரு ஜோடியை எடுத்தான். திருப்புளியால் அதிலிருந்த ஒரு திருகாணியை முறுக்கினான்.

கட்டையின் நடுவில் பூட்ஸைக் கவ்விக்கொள்ள ஒரு பிடி உண்டு. விழுகிறபோது அந்தப் பிடி தானாக விட்டுவிட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைத் தளர்வாக வைப்பார்கள். வேகமாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இறுக்கமாக. அவள் இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவன் என்னத்தையோ சரிசெய்கிறான் என்று நினைத்தாள்.

சரிவில் முதலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. கடையிலிருந்து கூட வந்த ஆள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கொஞ்ச நேரத்திலேயே அவள் தனியாக நின்றாள், சறுக்கினாள், சிரித்தாள். ரகுநாத் இரண்டு தடவை விழுந்து எழுந்துவிட்டு, கட்டையைக் கழற்றிவைத்துவிட்டு அவளை வீடியோ எடுக்கத் தொடங்கினான். எடுத்ததை அப்படியே குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டான்.

"மேல போயி வா, இலக்கியா! ஒனக்கெல்லாம் இது சும்மா!"

அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. மேலே ஏறினாள். உச்சி வெயிலில் பனி இளகிக் கூழாகிக் கிடந்தது. பாதி வழியில் இடதுபக்கக் கட்டையின் முனை அதில் புதைந்தது. உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. பிடி விடவேயில்லை. சத்தம் வெளியே யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் உள்ளே கேட்டது.

ஜீப்பில் படுக்கவைத்து அவளைக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்த நேரத்தில், ஊரில் செவந்தி அந்த வீடியோவை வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தாள். "எம் மக பாருங்க, எப்புடிப் போறான்னு!" அழகியும் பார்த்துவிட்டு இதயப் படம் போட்டு அனுப்பியிருந்தாள். இலக்கியாவின் மடியில் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது.

திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முழங்காலுக்குள் தசைநார் முழுவதும் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் ஓடியாட ஒரு வருஷமாவது ஆகும் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"விழுந்தப்ப கட்டை கழண்டு வரலையாம்மா?"

"வரலைங்க சார்."

"வந்திருக்கணுமே. புதுசாப் பழகுறவங்களுக்கு லேசா இழுத்தாலே கழண்டுக்குற மாதிரிதான் வைப்பாங்க."

இலக்கியா ரகுநாத்தைப் பார்த்தாள். அவன் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் முடிந்து அவளை ஊருக்குக் கூட்டிவந்தார்கள். ரகுநாத் லீவு போட்டுக்கொண்டு கூடவே இருந்தான். தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனான், மருந்து எடுத்துக் கொடுத்தான். விசாரிக்க வந்தவர்களிடம் மட்டும், "கொஞ்சம் பயந்துட்டா, அதான் விழுந்துட்டா" என்றான். முதல் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தடுத்தும் அதையே சொன்னான். ஒரு மத்தியானம், செவந்தி கொல்லைக்குச் சோறு கொண்டுபோயிருந்தபோது அவள் கேட்டாள்.

"அந்தக் கடைக்காரன்ட்ட என்னங்க சொன்னீங்க?"

"எப்ப?"

"கட்டை எடுத்தப்ப. எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னீங்கள்ல?"

வெளியே கடலைக்குள் இறங்கிய மயில்களை ஆண்டியப்பன் விரட்டும் சத்தம் கேட்டது.

"ஒன்னப் பெருமையாத்தான் சொன்னேன், இலக்கியா. என் பொண்டாட்டி ஸ்டேட் பிளேயர், இதெல்லாம் நல்லா வரும்னு... அவன் திருகாணிய முறுக்குவான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் ஸ்டேட்டுக்கு ஆடல. செலக்ஷனுக்குத்தான் போனேன்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் பயந்து விழுந்துட்டான்னு சொல்றீங்க?"

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று தெரிந்தும் அவளால் கையை நீட்டித் தொட முடியவில்லை. காலுறையைக் கழற்றாமல் போட்ட பூட்ஸைப் பற்றி, உள்ளே ஆடிய குதிகாலைப் பற்றி அவளும் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் மேலும் பாதிப் பழி விழும் என்பதற்காக அல்ல. சொன்னால் அவனுக்கு ஆறுதலாகிவிடும் என்றுதான் அன்றைக்குச் சொல்லவில்லை.

பங்குனியில் உடல்தகுதித் தேர்வு நடந்தபோது இலக்கியா முழங்காலில் பட்டை கட்டிக் கட்டிலில் கிடந்தாள். அழகி ஓடினாள், தாண்டினாள், தேறினாள். பயிற்சி முடிந்து காக்கி உடுப்போடு ஒருநாள் பார்க்க வந்தாள்.

"டிரெயினிங்ல பாதி பேருக்குக் கால்ல கொப்புளம்டி. எனக்கு ஒண்ணுமே ஆகல" என்று ஏதேதோ பேசினாள். பிறகு தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த தடவ நீயும் வந்துருவடி."

"வாரேன்" என்றாள் இலக்கியா.

போனாள். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி பரீட்சை எழுதித் தேறி, மைதானத்துக்கும் போனாள். ஓட்டத்தை எப்படியோ முடித்துவிட்டாள். நீளம் தாண்டும் இடத்தில், மணலில் இறங்கியபோது இடது முழங்கால் மடங்கிக்கொண்டது. இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே மரத்தடியில் காத்திருந்த ஆண்டியப்பன், அவள் நடந்து வருவதைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, "ஏறிக்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் அவள் பூனேக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தாள். ரகுநாத் அவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவன் அலுவலகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து, அடுத்து எங்கே டூர் என்று பேச்செடுத்தால், அவன் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவான். அவன் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வதுதான் அவளுக்கு மூச்சுமுட்டியது. அவள் மாடிப்படியில் இறங்கினால் இரண்டு படி முன்னால் இறங்கி நின்றுகொள்வான். அவன் கண் தன் முழங்காலை விட்டு மேலே வருவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

இப்போது அவள் திருச்சி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். மழை வருகிற நாளில் முழங்கால் வலிக்கும். மாணவிகளுக்கு அவள் கபடி ஆடியவள் என்று தெரியாது. கொஞ்சம் சாய்ந்து நடக்கிற, அதிகம் பேசாத மேடம் என்றுதான் தெரியும்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகுநாத் வந்தான். பார்வையாளர்கள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் இளைத்திருந்தான்.

"சாப்பாடெல்லாம் எப்புடி இருக்கு?"

"பரவால்லைங்க."

"வீட்ல எல்லாரும் கேக்குறாங்க, இலக்கியா. நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வேலை பாக்குறான்னு சொல்றேன்."

"அதான உண்மை."

அவன் கைக்குட்டையை மடித்தான், பிரித்தான். "திருச்சிக்கு மாத்திக் கேட்டிருக்கேன். கெடச்சாலும் கெடைக்கும். கெடச்சா வீடு பாக்கட்டுமா?"

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அன்னைக்கு அந்த பூட்ஸு எனக்குச் சரியாவே இல்லைங்க. உள்ள காலு ஆடுச்சு. ஒங்க முன்னாடி சாக்ஸக் கழட்ட வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். "இத்தன நாளாச் சொல்லவே இல்லையே."

"சொல்லத் தோணல."

அவன் முகத்தில் ஆறுதல் எதுவும் வரவில்லை. முன்பைவிடக் களைத்துப்போனவனாகத் தெரிந்தான். சாப்பாட்டு மணி அடித்தது. மாணவிகள் தட்டுகளோடு படியிறங்கி வரத் தொடங்கினார்கள். இலக்கியா பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள்.

"வீடு பாக்கட்டுமா?" என்று மறுபடியும் கேட்டான்.

"பாருங்க. வர்றேனா என்னன்னு எனக்கே தெரியல."

அவன் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், வரிசை கலைந்து நின்ற பெண்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள்.