ஊவாப் புகையும் இணுவில் சோளகமும்

அணைந்துபோன காட்டுத்தீயின் புகை எந்தப் பக்கம் போனது என்று சொல்வதுதான் சோமசேகரத்தின் அரசாங்க உத்தியோகம். வானில் சுற்றும் செய்மதி பதினாறு நாளைக்கொரு தடவை மலைநாட்டைப் படம் பிடிக்கும். படம் கொழும்பு அலுவலகத்துக்கு வந்து, கோப்பில் கிடந்து, இவருடைய மேசைக்கு வரும்போது தீ அணைந்து, மழை பெய்து, புல்லும் முளைத்திருக்கும். ஆனாலும் அறிக்கையின் மேல் 'அவசரம்' என்று முத்திரை இருக்கும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் தாம் குடியிருந்த வீடு எரிந்த புகையை அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். புகையைக் கீழே நின்று பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு வடக்கே இணுவிலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அலுவலகமும் இறங்கி வந்தது. படங்கள் தபாலில் வரும், இவர் வரைந்து அனுப்ப வேண்டும். ஒரு நிபந்தனை: பிழை வந்தால் கொழும்புக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும்.

ஆகையால் அவர் பிழை விடவில்லை. முற்றத்தில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடியை வைத்து, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்து வெயிலை மேலே அனுப்பி, அதன்மேல் படத்தை விரித்துப் பார்ப்பார். மேகத்துக்குக் கீழே நிழல் விழும். புகைக்கு ஒரு நுனி கூராயிருக்கும்; அதனூடாக நிலம் மங்கலாய்த் தெரியும். நாள் முழுவதும் குனிந்திருந்து இடுப்பில் நாரி பிடித்துக்கொள்ளும்.

பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் ஏரம்பு ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என்ன உது? ஆரின்ரையும் சாதகமோ?"

"புகை அண்ணை. ஊவா மலையிலை காடு எரியுது."

"ஐயோ! இப்பவோ?"

"இல்லை, போன ஆவணியிலை."

"பிறகென்னத்துக்கு உந்த வெயிலுக்கை நிண்டு காயிறீர்?"

அந்தக் கேள்வி சோமசேகரத்திடமும் இருந்தது. ஆனால் அன்றைக்கு வேறொரு சங்கடம். படத்தில் புகை தென்மேற்கே போயிருந்தது.

"அண்ணை, ஆவணியிலை புகை எந்தப் பக்கம் போகும்?"

"தென்மேற்கிலையிருந்து சோளகமெல்லோ அடிக்கும்? வடகிழக்குப் பக்கமாப் போகும். உதைக் கேக்கவும் ஒரு ஆளோ?"

திகதி பிழை என்று அவர் முடிவு கட்டினார். இது வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலத்துப் படம்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி பத்மாவதி. "அவங்கள் போட்ட திகதியிலை உங்களுக்கென்ன வில்லங்கம்? கீறி அனுப்பிவிடுங்கோவன்."

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைக்கேலாது."

"அப்ப கொழும்புக்குப் போக வருமோ?"

"பிழை அவையின்ரை. நான் ஏன் போறன்?"

அறிக்கையில் 'திகதி பிழை' என்று எழுதியே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. திகதி சரி. தீ எரிந்தது காற்றுக்கு மறைவான, மலைக்குப் பின்பக்கத்துப் பள்ளத்தாக்கில். அங்கே காற்று மலையைத் தாண்டி விழுந்து, சுழன்று, வந்த வழியே திரும்பும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மலையே இல்லாத இடத்தில் இருந்து மறந்துவிட்டீர்கள் போலும். மார்கழி முதலாம் திகதி அலுவலகத்துக்குச் சமுகமளிக்கவும்.

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நியாயமான கடிதம். கோயில் கோபுரத்தை விட்டால் ஊரில் காற்றுக்கு முட்டுவதற்கு உயரமாய் எதுவுமில்லை. பதினொரு வருடம் மலைகளை மேலிருந்து பார்த்தவர், வேலிக்கப்பால் நின்றவரின் காற்றை நம்பிவிட்டார்.

அவர்கள் போட்ட திகதியோடே புகையைத் திருத்தி வரைந்தார். அதே உறையில் இராசினாமாக் கடிதத்தையும் வைத்தார். திருத்திய படம் மிக நன்று என்று பதில் வந்தது. இராசினாமாவை ஏற்க இயலாது. அதற்குரிய படிவத்தில் கொழும்புக்கு நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்.

வேலை செய்யவும் கொழும்பு, வேலையை விடவும் கொழும்பு. அவர் இரண்டுக்கும் போகவில்லை. படங்கள் வருவது நின்றது. அடுத்த வைகாசியில் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது.

"என்னவாம்?" என்றாள் பத்மாவதி.

"நான் வேலையை விட்டிட்டனாம்."

"எப்ப?"

"போன மார்கழியிலை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"எனக்கே இப்பதானப்பா தெரியும்," என்று சொல்லிவிட்டு, நாரியைப் பிடித்தபடி சோமசேகரம் பாயில் சரிந்தார்.