ராசியில்லாத வண்டி

லின்சியின் ஆர்எக்ஸ் நூறு மாதிரி ஒரு வண்டி மூன்று உலகத்திலும் கிடையாது. காலையில் வரகனேரியில் அவள் அதை உதைத்துக் கிளப்பினால் மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் காதைப் பொத்திக்கொள்வார். காது பெரிசு என்பதால் நாலு கையும் அதற்கே சரியாகப் போய்விடும். கொழுக்கட்டையை யாராவது ஊட்டித்தான் விட வேண்டும். காவிரிப் பாலத்தில் அவள் ஏறினால் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கிற பெருமாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "லின்சியா, சரி சரி, பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதை அவர் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

இதில் முக்கால்வாசி புளுகு. வண்டி நல்ல வண்டி என்பது மட்டும் சத்தியம்.

பாலக்கரையில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனவள் லின்சி. கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள், பழைய இரும்புக் கடையில் சைக்கிள் குப்பைக்கு அடியில் அந்த வண்டியின் எலும்புக்கூட்டைப் பார்த்தாள். வண்டி முதன்முதலாக வந்த காலத்தில், ஜப்பான் சாமான் பூட்டி இறக்கிய வண்டி. பழைய வண்டி சேர்க்கிறவர்கள் அதை 'ஜப்பான் பீஸ்' என்று சொல்லும்போதே குரல் தணிந்துவிடும், பூசை மணி அடித்த மாதிரி. அதைக் கிலோ விலைக்கு வாங்கினாள். டேங்க் கரூரிலிருந்து வந்தது. ஹெட்லைட் திண்டுக்கல்லில் கிடைத்தது. தீபாவளிக்குச் சேலை எடுக்கச் சொல்லி அப்பா கொடுத்த காசில் கார்புரேட்டர் வந்தது. மயில்நீலத்தில் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது.

கல்யாணத்துக்கு வந்த சீரில் கட்டில், பீரோவுக்குப் பின்னால் அந்த வண்டியும் வந்தது. மாப்பிள்ளை பெனடிக்டுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. பெனடிக்டுக்குக் கியர் வண்டி வராது. அதனால் தினமும் லின்சி ஓட்ட, அவன் பின்னால் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போவான். தெரு சிரித்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே லின்சிக்கு அவனைப் பிடித்திருந்தது.

கல்யாணமாகி வருஷங்கள் போயின, பிள்ளை இல்லை. மாமியார் டோரதிக்குக் காரணம் கண்டுபிடிக்க எந்த டாக்டரும் தேவைப்படவில்லை.

"அந்த எந்திரத்து மேல உக்காந்து உக்காந்து வயிறு குலுங்கிப்போச்சு. பொம்பள வயிறு என்ன, தகர டப்பாவா? எப்படித் தங்கும்?"

பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சொன்னாள். மீன்காரியிடம் சொன்னாள். காஸ் சிலிண்டர் போட வந்தவனிடமும் சொன்னாள். அவன் பாவம், கையெழுத்துக்காகக் காத்து நின்றவன்.

தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பேரும் எல்லாச் சோதனையும் செய்துகொண்டார்கள். லின்சியிடம் ஒரு குறையும் இல்லை. பெனடிக்டுக்குத்தான் விந்தணு கவுண்ட் ரொம்பக் கம்மி. வழி இருக்கிறது, ஊசியும் மருந்துமாக வைத்தியம் செய்தால் பிள்ளை பிறக்கும், செலவு மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும் என்றார் டாக்டர். படி இறங்கும்போது பெனடிக்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லின்சி, அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாமே."

"சரிங்க" என்றாள். அந்த 'இப்ப' இரண்டு வருஷம் நீண்டது. இரண்டு வருஷமும் மீன்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். டோரதி பேசப் பேசப் பெனடிக்ட் தட்டிலிருக்கிற மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பான். முள்ளே இல்லாத மீனிலும் எடுப்பான்.

வைத்தியத்துக்குப் பணம் புரளவில்லை. நகை முன்பே அடகில் இருந்தது. வீட்டில் விலைபோகிற பொருள் ஒன்றுதான். அதை விற்றால் வைத்தியம் செய்யலாம். ஆனால் விற்ற அன்றைக்கே மாமியார் சொன்னது வேதவாக்காகிவிடும்: வண்டியால்தான் பிள்ளை இல்லை, அவளே ஒத்துக்கொண்டு விற்றுவிட்டாள் பார். விற்காவிட்டால் பிள்ளை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் டோரதிக்கு வெற்றி. லின்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வண்டியைத் துடைத்தாள். துடைத்த துணி நார் நாராகக் கிழிந்துவிட்டது.

விற்கப்போகிறேன் என்று சொன்னதும் டோரதி மாதா படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றினாள். "இப்பவாச்சும் இவளுக்குப் புத்தி குடுத்தியே, தாயே."

லின்சி அடுப்படிக்குப் போய் ஒரு முழுப் பூண்டை உரிக்காமலே நசுக்கினாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பெனடிக்டிடம்தான் பேசினார்கள். "பிரதர், மைலேஜ் என்ன வருது?" "பிரதர், இன்ஜின் போரிங் பண்ணியிருக்கா?" அவன் ஒவ்வொரு தடவையும், "அவங்களைக் கேளுங்க, அவங்க வண்டி" என்பான். அவர்கள் சிரித்துவிட்டு மறுபடியும் அவனையே கேட்பார்கள். ஒருவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "தங்கச்சி, ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

"முக்குல கடை இருக்குங்கண்ணே. போய்க் குடிச்சிட்டு அப்படியே போயிடுங்க."

கடைசியாக வந்தவர் நவநீதன். ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி, பெங்களூரில் வேலை. பழைய வண்டி என்றால் உயிர். கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகிறது. மனைவி தேவதர்ஷினியும் காரில் கூடவே வந்திருந்தாள். அவர் வந்ததும் நேராக லின்சியைப் பார்த்து, "நீங்கதானே போட்டோ அனுப்பினது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே கொஞ்சம் விலை குறைக்கலாமா என்று லின்சிக்குத் தோன்றியது. குறைக்கவில்லை.

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி, பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சைலன்சர் வாயில் பிடித்தார். முறுக்கச் சொன்னார். லின்சி முறுக்கினாள். எடுத்து விரித்துப் பார்த்தார். கைக்குட்டை வெளுத்து வந்த மாதிரியே இருந்தது.

"டூ ஸ்ட்ரோக் மாதிரியே இல்லையே."

"என் வண்டி புகை விடாதுங்க. ஆயில் பம்ப் நான் செட் பண்ணினது."

விலை சொன்னாள். அவர் பேரம் பேசாமல் தலையாட்டினார். எல்லாம் முடிந்த மாதிரிதான். அப்போது டோரதி தட்டில் காபியோடு வெளியே வந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி, நல்லா இருப்பீங்க. இது வாசலைத் தாண்டினாத்தான் எங்க வீட்டுல தொட்டில் ஆடும்."

தேவதர்ஷினி காபியை வாங்காமல் நின்றாள். "என்னம்மா சொல்றீங்க?"

டோரதி சொன்னாள். வயிறு குலுங்கியதிலிருந்து தகர டப்பா வரை எதையும் விடாமல் சொன்னாள். தேவதர்ஷினி கணவனின் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள்.

"ஏங்க, ராசியில்லாத வண்டி போல இருக்கு. நமக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. எதுக்குங்க நமக்கு?"

பிஸ்டனைப் பற்றி, பிளக்கைப் பற்றி நவநீதனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ராசிக்கு என்ன ஸ்பேர் பார்ட்ஸ் இருக்கிறது? அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்ல வண்டிங்க. அப்புறம் போன் பண்றேன்."

நம் ஊரில் 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

லின்சிக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. டோரதியின் பக்கம் அவள் திரும்பவில்லை. பெனடிக்டின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க."

"என்ன?"

"வண்டிக்கு ராசி இல்லைங்கிறாங்க. சொல்லுங்க, யாருக்கு என்ன இல்லைன்னு."

"உள்ள போய்ப் பேசுவோம், லின்சி."

"உள்ள ரெண்டு வருஷமாப் பேசியாச்சு."

"அப்ப நீயே..."

"நான் சொன்னா, மருமக பழியத் தூக்கிப் புருஷன் மேல போடுறான்னு ஆகும். உங்க வாயாலதான் வரணும். இல்லைன்னா வண்டியும் போகாது, வைத்தியமும் கிடையாது. நாளைலருந்து உங்க அம்மாவும் நீங்களும் தொட்டில வாங்கி நீங்களே ஆடிக்கங்க."

மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் துணியை மறந்தார்கள். பெனடிக்ட் செருப்பைப் பார்த்தான். பிறகு நவநீதனைப் பார்த்தான்.

"வண்டியில குறை இல்லைங்க. குறை எனக்கு. டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு." வண்டியின் பின் சீட்டைத் தட்டிக் காட்டினான். "நான் அந்த வண்டிய ஓட்டினதுகூடக் கிடையாது. பின்னாடிதான் உக்காருவேன்."

"வாய மூடுடா" என்றாள் டோரதி.

தேவதர்ஷினி பெனடிக்டைப் பார்க்கவில்லை. லின்சியைத்தான் பார்த்தாள். "ரெண்டு வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"சும்மா இல்லைங்க. பொறுத்துக்கிட்டு இருந்தேன். அது வேற, இது வேற."

தேவதர்ஷினி காபியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். "வண்டிய எடுத்துக்கலாம்ங்க" என்றாள் கணவனிடம்.

அப்படி வண்டி விலைபோனது. ஆனாலும் லின்சியின் கோபம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. வண்டியின் பேர் கெட்டபோது ஒரே நாளில் திறந்த வாய், பெண்டாட்டியின் பேர் கெட்டபோது இரண்டு வருஷம் திறக்கவில்லையே. அது யாருக்கு என்ன மரியாதை?

"ஸ்ரீரங்கம் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டு வந்து விடுவேன்" என்றாள் நவநீதனிடம். அவர் காரில் முன்னால் போனார். பெனடிக்ட் வழக்கம்போலப் பின்னால் வந்து நின்றான்.

"நானும் வரவா?"

"ஏறுங்க. திரும்பி பஸ்ஸுல வரணும். திட்டுறதுக்கு ஆள் வேணும்."

வண்டி தெருமுனையில் திரும்பியபோது, அது விட்ட புகை பட்டு, அங்கே சும்மா நின்றுகொண்டிருந்த ஒருத்தனுக்குக் கண் கரித்துத் தண்ணீராகக் கொட்டியது. டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் புகை இருக்கத்தானே செய்யும்.

காவிரிப் பாலத்தில் அவள் பறக்கவில்லை. ஓரமாக, மெதுவாகப் போனாள். ஷேர் ஆட்டோக்கள்கூட ஹாரன் அடித்து முந்தின. பெருமாள் கண் திறந்தாரா என்று தெரியவில்லை. உத்திர வீதியில் சாவியைக் கொடுத்துவிட்டு, "காலையில முதல் உதைக்கு எடுக்காதுங்க, ரெண்டாவதுக்கு எடுக்கும். எடுக்கலைன்னா திட்டாதீங்க, கோச்சுக்கும்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், மாம்பழச்சாலையில் தொடங்கிய திட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நிற்கவில்லை. "'இப்ப'ன்னா எப்பங்க? உங்க ஊர் காலண்டர்ல 'இப்ப' எந்த மாசம் வருது?" பெனடிக்ட் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி விரித்தான். கண்டக்டர்தான் கடைசியில், "அம்மா, கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. நான் ஸ்டாப்பிங் பேரு சொல்றது யாருக்கும் கேக்கல" என்றார்.

இப்போது லின்சிக்கு நாலாம் மாசம். டோரதி பூசை முடிந்ததும் எல்லோரிடமும் சொல்கிறாள்: "வண்டி போச்சு, பிள்ளை வந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?" மகன் சொன்னதைப் பற்றி யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள்: "எம்புள்ள தங்கம். பொண்டாட்டியக் காப்பாத்த என்னவெல்லாம் சொல்றான் பாருங்க." லின்சி கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு வந்தால் குழந்தைக்கு ஆகாது. அதனால் அவள் கோபத்தையும் சேர்த்து வேறு யாராவது படத்தானே வேண்டும்? நடந்தது இன்னதென்று தெருவுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதியது.

கடைக்குக் கொண்டுபோய் லின்சியிடமே படிக்கக் கொடுத்தாயிற்று. பில் போடுகிற பேனாவால் எழுத்துப் பிழைகளைச் சுழித்துக்கொண்டே படித்தாள். நிறையச் சுழித்தாள். பிள்ளையார் இடத்தில் சிரித்தாள். பஸ் இடத்தில், "இன்னும் நல்லாத் திட்டினேன்" என்றாள். பிறகு தாளைப் புரட்டித் தெருமுனைக்குத் திரும்பிப் போனாள்.

"என் வண்டி புகை விட்டுச்சுன்னு எழுதியிருக்க?"

"டூ ஸ்ட்ரோக்குன்னா கொஞ்சம் புகை வரும்ல, அக்கா."

"கைக்குட்டை வெள்ளையா வந்துச்சுன்னு இதுக்கு முந்தின பக்கத்துல நீதானடா எழுதியிருக்க?"

எழுதிய கை தலையைச் சொறிந்தது.

லின்சி பேனாவை மூடி வைத்தாள். "என் வண்டி புகை விடாது. இப்பச் சொல்லு, தெருமுனையில நின்னு அழுதது யாரு?"